அப்பா அளந்த ஐந்து கிணறுகள்: ஒரு திருத்தம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. புதுச்சேரிக் கடலோரத்தின் நிலவியல், நீர்வளம், மணல் பற்றி நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு கையேடு தொகுத்தோம். நிலத்தடி நீர் அட்டவணைகளும் வரைபடமும் என் பொறுப்பு.

2. கிணறுகளின் நீர்மட்ட அளவுகளை அப்பாவின் களக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்தேன்.

3. அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை காட்டச் சொன்னார் அப்பா. நான் காட்டவில்லை.

4. கையேடு வெளிவந்தது. அதில் ஐந்து கிணறுகளின் அளவு தவறு.

5. அந்தக் கிணறுகள் உள்ள ஊரின் பள்ளி ஆசிரியர் ஒருவர் சந்தேகம் எழுப்பிக் கடிதம் எழுதினார். "பழைய களக் குறிப்பில் அளவுப் பிழை இருக்கலாம்" என்று பதில் எழுதினேன். எதையும் சரிபார்க்காமல் எழுதினேன்.

6. அந்தப் பதிலை அப்பா படித்தார். பிழை எங்கே என்று பார்க்க மறுபடி அந்தக் கிணறுகளுக்குப் போனார்.

7. பிழை என்னுடையது என்று கண்டுகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

8. அப்பா காலமானார்.

ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையில் பதினேழு நாட்கள் இருந்தன. அந்தப் பதினேழு நாளும் நாங்கள் மூலக்குளத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

முதலாண்டு நினைவு மலருக்குக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னபோது, என்ன எழுதப் போகிறேன் என்று சித்தப்பா கேட்டார். சொன்னேன்.

"நினைவு மலர்ல இதெல்லாமா எழுதுவாங்க? அண்ணன் நல்லவரு, வல்லவருன்னு நாலு வார்த்த எழுதுவியா, அத உட்டுட்டு."

அம்மாதான் குறுக்கே பேசினார். "எழுதட்டும். அவரப் பத்தி தப்பா நெனச்சிக்கினு இருக்கிறவங்க கையிலயும் இந்தப் புக்கு போவும் இல்ல?"

ஆகவே எழுதுகிறேன். சித்தப்பா கேட்ட நாலு வார்த்தையும் இதில் வரும்.

அப்பா பிறந்தது வில்லியனூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். பத்தாம் வகுப்பு படிக்கும்போது தன் தந்தையை இழந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, போர் போடும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தார். குழாய் தூக்குவது, சேறு அள்ளுவது, என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுவது. காதில் அந்த இரைச்சல் கடைசி வரை இருந்தது. வலது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது என்பது உறவினர் அனைவருக்கும் தெரியும். பூமிக்குள் நாற்பது அடியில் கருங்களிமண், அறுபதில் மணல், நூறில் சுண்ணாம்புக்கல் என்று ஊர் ஊராக மனப்பாடமானது அந்த லாரியில்தான். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தார், தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தார். தன் படிப்பைப் பிறகு தபால்வழியில் முடித்தார்.

அதன் பின் அரசு அலுவலகம் ஒன்றில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. வேலை, கிணறுகளின் நீர்மட்டம் பார்ப்பது. ஆண்டுக்கு நான்கு முறை, குறிப்பிட்ட கிணறுகள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலே இழுத்தால், எதுவரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதுவரை நீர். முப்பத்தோரு ஆண்டுகள் இதைச் செய்தார். அவருடைய சட்டைப்பைகள் எல்லாம் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். துவைத்துத் துவைத்து அம்மா அலுத்துப்போவார்.

அம்மாவின் ஊர் அரியாங்குப்பம். திருமணமான புதிதில் ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தார்கள். நான் பிறந்தது அங்கே. மூலக்குளத்தில் மனை வாங்கியபோது அப்பா முதலில் அளந்தது மனையை அல்ல, பக்கத்து மனைக் கிணற்றை.

வேலையில் அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம், போகாத கிணற்றுக்கு எண் எழுதமாட்டார் என்பது. ஒரு முறை வீட்டுக்கு வந்த அவருடைய சக ஊழியர் என் எதிரிலேயே கேலி செய்தார். "டீக்கடையில உக்காந்து ரெண்டு நம்பர் எழுதினா யாருக்குய்யா தெரியப் போவுது? போன வாட்டி எழுதினதுல பத்து சென்டிமீட்டர் கூட்டிப் போடு, முடிஞ்சிபோச்சு."

"அடுத்த வாட்டி நான்தானயா வரணும்? எனக்கே கொழம்பிடும்" என்றார் அப்பா.

அவர் எழுதிய எண்கள் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆண்டுத் தொகுப்புகளில் அச்சாகும். தடித்த அட்டை போட்ட அந்தத் தொகுப்புகளை நிலவியல் மாணவர்களும் பொறியாளர்களும் தவிர யாரும் திறப்பதில்லை. கழித்துப் போட்ட பழைய பிரதிகளை அப்பா கேட்டு வாங்கி வந்து வீட்டு அலமாரியில் அடுக்கினார். மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல் அவர் அட்டவணை படிப்பார். ஏதோ ஒரு எண்ணில் விரலை வைத்து, "இந்த வாட்டி செம மழ. கொடைய வாயில கடிச்சிக்கினு டேப்ப எறக்கினேன்" என்பார். அந்தத் தொகுப்புகளில் எதிலும் அவருடைய பெயர் இருக்காது. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

எங்கள் கையேட்டில்தான் அவர் பெயர் முதன்முதலாக அச்சானது. நீர்மட்ட அட்டவணையின் அடியில், 'களத் தரவு' என்று போட்டு, அவர் பெயர். பிரதி வந்த அன்று அதற்குப் பிரவுன் அட்டை போட்டார். அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்த அந்தப் பக்கத்தில்தான் பிழை இருந்தது.

அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலிருந்துதான் டேப்பை இறக்குவார்கள். ஆகவே கிடைத்த அளவிலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்தால்தான் தரையிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியும். அப்பா தன் குறிப்பேட்டில் டேப் காட்டிய அளவை ஒரு பத்தியிலும் சுவர் உயரத்தை இன்னொரு பத்தியிலும் எழுதுவார். கழிப்பது அலுவலகத்தின் வேலை. ஐந்து கிணறுகள் மட்டும் விதிவிலக்கு. அரியாங்குப்பத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஓர் ஊரில் உள்ளவை அவை. ஆடு விழுந்தது, மணல் ஏறியது என்று அங்கே சுவரை அடிக்கடி உயர்த்தியும் இடித்தும் கட்டினார்கள். குழப்பம் வேண்டாம் என்று அந்த ஐந்துக்கு மட்டும் அப்பா அங்கேயே கழித்து, தரையிலிருந்து உள்ள ஆழத்தையே முதல் பத்தியில் எழுதினார்; சுவர் உயரம் வழக்கம்போல் அடுத்த பத்தியில் இருந்தது. அப்படி எழுதிய எண்ணுக்குக் கீழே சிறியதாக ஒரு கோடு போட்டார். முதல் குறிப்பேட்டின் அட்டையின் உள்பக்கத்தில் இதை எழுதியும் வைத்திருந்தார்: 'கோடு போட்டது கழித்தது.'

நான் இருபத்தாறு குறிப்பேடுகளையும் ஸ்கேன் செய்தேன். அட்டைகளை ஸ்கேன் செய்யவில்லை. எண்களைக் கணினியில் ஏற்றி, எல்லாவற்றிலும் சுவர் உயரத்தைக் கழிக்க ஒரே கட்டளை கொடுத்தேன். ஐந்து கிணறுகளில் இரண்டு முறை கழிந்துவிட்டது.

ஒரு சுவர் உயரம், தொண்ணூறு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். மூன்றாவது கிணற்றில், உண்மையில் நீர் கடல் மட்டத்துக்கு முப்பது சென்டிமீட்டர் கீழே இருந்தது. என் அட்டவணையில் அறுபது சென்டிமீட்டர் மேலே நின்றது. நீர்மட்டம் கடலைவிடக் கீழே இறங்கினால் உப்பு நீர் உள்ளே வரும். உப்பு வரும் நிலத்தை என் வரைபடம் நல்ல நீர் என்று நீல நிறத்தில் காட்டியது. அதைப் பார்த்துத்தான் அந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் குடிநீருக்கு அங்கே போர் போடலாம் என்று பேச்சு எழுந்தது. ஆசிரியர் கடிதம் எழுதியதும் அதனால்தான். "எங்கள் ஊர்த் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டியதில்லை. உங்கள் படம் வேறு சொல்கிறதே" என்று கேட்டிருந்தார்.

அப்பா முன்பே சொன்னார். "பாப்பா, அடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாட்டி காட்டு. ஒரே ஒரு வாட்டி." சரி என்றேன். காட்டினால் ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பார், மூன்று வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு இருந்தது ஒரு வாரம். அவருக்கு வியப்பாக இருக்கட்டும் என்று காட்டவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டேன். அது பொய். நேரம் போய்விடும் என்றுதான் காட்டவில்லை.

என் பதில் கடிதத்தோடு ஆசிரியர் நேரே எங்கள் வீட்டுக்கே வந்தார். களத் தரவு என்று அச்சாகியிருந்த பெயருக்கு உரியவரை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரில் அப்பாவை 'டேப்பு சார்' என்பார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதைப் பின்னால் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"டேப்பு பழசு சார். ஒரு எடத்துல அறுந்துபோயி ரிவிட் அடிச்சி வச்சிருக்கேன். அதுல வந்திருக்கும். பொண்ணு கணக்கு தப்பாவாது."

அன்று நான் வீடு திரும்பியபோது அவர் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு டிவிஎஸ் 50-ல் கிளம்பினார். இதயம் பலவீனம் என்று அவர் மாத்திரை எடுத்துக்கொள்வது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். "எங்க போறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா, ஒரு ரவுண்டு" என்றார். அந்த ரவுண்டு பதினொரு நாள் நடந்தது.

மூன்றாவது கிணற்றுக்குச் சொந்தக்கார அம்மாள் என்னிடம் சொன்னது: "நான் மோர் குடுத்துட்டு கேட்டேன், இன்னா சார் இன்னும் ரிட்டயர் ஆவலியான்னு. ஆயிட்டேன்மா, இது ஓவர்டைமுன்னு சிரிச்சாரு. செவுத்த மூணு வாட்டி அளந்தாரு. நாங்க கூட வூட்டப் பாகம் பிரிக்கும்போது அவ்ளோ அளக்கல."

அவர் போகத் தொடங்கிய நான்காம் நாள், ஆசிரியரின் கடிதம் உறுத்தியதால், ஸ்கேன் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். எண்களுக்குக் கீழே கோடுகள் இருந்தன. அலமாரியைத் திறந்து முதல் குறிப்பேட்டை எடுத்து அட்டையைப் புரட்டினேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா அப்போது கிணற்றடியில் இருந்திருப்பார்.

உடனே செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். கணக்கைத் திருத்துவது, வரைபடத்தை மாற்றுவது, மற்ற மூவருக்கும் தெரிவிப்பது, பதிப்பகத்துக்கு எழுதுவது, ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்பது, அப்பாவிடம் சொல்வது. அப்பாவை ஆறாவதாக எழுதினேன். திருத்திய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் பதிப்பகத்திலிருந்து வரத் தாமதமானது. நானும் அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடையிலிருந்து ஒரு புது டேப் வாங்கி வந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் நீட்டினார். அம்மா வற்றல் எடுக்க வந்தார்.

"வெயில்ல இன்னா ரெண்டு டேப்ப வச்சிக்கினு? பந்தல் போடப் போறீங்களா?"

"நீ செத்த அந்த மொனையப் புடி."

"நான் புடிச்சா கோணிக்கும். அப்பறம் எல்லாம் என்னாலதான்னு என் தலையில கட்டுவீங்க."

அம்மா சிரித்துக்கொண்டே முறத்துடன் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ வந்து பாரு. எனக்கு இந்தக் கண்ணாடியில சின்னக் கோடு தெரியல. ரிவிட் இருக்கிற எடத்துல எவ்ளோ வித்தியாசம் வருது?"

குனிந்து பார்த்தேன். இரண்டு டேப்பின் கோடுகளும் ஒன்றாகவே நின்றன.

"வித்தியாசம் இல்லப்பா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்பா. சரியாத்தான் இருக்கு."

"அப்பறம் எப்படிம்மா தப்பா வந்துது?"

நான் காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது ஒரு புதன்கிழமை காலை. பக்கத்து வீட்டு மாமா தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மதியம் கொஞ்சம் தேறி, பேசினார். அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தார். நான் அவருடைய இடது பக்கம், காது கேட்கும் பக்கம், உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த வாட்டி புக்கு அடிக்கும்போது என் பேர எடுத்துடும்மா. உனக்கு எதுக்குக் கெட்ட பேரு? டேப்பு சரியா இருந்தா, நான்தான் எங்கனா தப்பா எழுதியிருக்கணும்."

"இப்ப எதுக்குப்பா அது? வீட்டுக்குப் போயி பேசலாம்" என்றேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் காலமானார்.

பதினொரு நாள் வெயிலில் அலைந்ததுதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இதயம் பல ஆண்டுகளாகவே பலவீனம், அலையாமல் இருந்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் நேர்ந்திருக்கலாம் என்றார். அதை எழுதி வைத்துக்கொண்டேன். அதை நம்ப முடிகிற நாட்களும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த மதியம் எனக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியத்துக்கான நேரம். அது இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "மாடியில நான் இருந்தன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "ஒரு வார்த்தடி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, 'அதான பாத்தேன்'னு உன்னத் திட்டிட்டு சோறு துன்னுட்டு படுத்திருப்பாரு." அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த வாத்தியாரு வீட்டுக்குப் போலாம், கெளம்பு" என்றார். இருவரும் போனோம். ஆசிரியரிடமும் ஐந்து கிணற்றுக்காரர்களிடமும் வாசலில் நின்று, டேப்பு சார் அளவு சரி, என் கணக்குதான் தவறு என்று சொன்னேன். மோர் கொடுத்த அம்மாள் மட்டும், "அவரு அன்னிக்கே சரியாத்தான அளந்தாரு, அத சொல்ல இவ்ளோ தூரமா?" என்று கேட்டார்.

அப்பாவின் கடைசி நாளில் காரோட்டிய பக்கத்து வீட்டு மாமாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அரியாங்குப்பம் அத்தைமார்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்குக் கிணற்றுப் பட்டியலே திரண்டதுபோல் ஊர் ஊராக வந்து நின்றவர்களுக்கும், அப்பாவோடு களத்துக்குப் போன அலுவலக நண்பர்களுக்கும், இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின் மெய்ப்புப் பார்த்துத் தந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கடிதம் எழுதிய ஆசிரியருக்குத் தனியாக நன்றி. அவர் கேட்டிருக்காவிட்டால் அந்த நீல நிறம் அப்படியே நின்றிருக்கும்.

இன்றைய நிலை இது. திருத்தச் சீட்டு அச்சாகி, கையேடு அனுப்பப்பட்ட நூலகங்கள், கல்லூரிகள், அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. பெரும்பாலானவற்றிலிருந்து ஒட்டிவிட்டதாகப் பதில் வந்தது. கடைகளில் விற்ற பிரதிகள் யாரிடம் உள்ளன என்று தெரியாது. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து ஒட்டித் தருகிறேன். போர் போடும் இடத்தை மேற்கே தள்ளிப் பார்க்கிறார்கள். இரண்டாம் பதிப்பில் ஐந்து அளவுகளும் குறிப்பேட்டில் உள்ளபடியே வருகின்றன. களத் தரவில் அப்பாவின் பெயர் இருக்கிறது, முதல் பதிப்பின் பிழை யாருடையது என்பதும் அதற்குக் கீழே இருக்கிறது. முகவரி தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.